இவென்ஸின் ‘மழை’ குறும்படத்துக்கு மாற்றுப் பின்னணி இசை: ராகம், தாளம், மௌனம்

மேசைவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யோரிஸ் இவென்ஸும் மன்னுஸ் ஃபிராங்கனும் சேர்ந்து 1929-இல் வெளியிட்ட ‘மழை’ என்ற டச்சு மௌனக் குறும்படத்துக்குப் புதிதாகப் பின்னணி இசை அமைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு ஒரு மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. ஏறத்தாழ 12 நிமிடங்களில் நடப்பது இவ்வளவுதான். கதையும் வசனமும் கிடையாது, பெயர் சொல்லும்படியான பாத்திரமும் கிடையாது. பார்க்கப் பார்க்க அலுக்காத படம் என்பதால்தான் பயிற்சிக்கு இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் கர்நாடக முறையில் வயலின் வாசிப்பவன். நண்பர் ஒருவர் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிக்கிறார். வீட்டிலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. படம் முழுவதையும் அமிர்தவர்ஷிணியில் அமைத்துவிடலாம் என்பது முதல் யோசனை. அது பொருந்துமா என்பதையும், ஏற்கெனவே இந்தப் படத்துக்கு மற்றவர்கள் அமைத்த இசையைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லதா, கேட்காமல் இருப்பது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குவீதி எழுதியது:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை ‘மூல இசை’ என்று ஒன்று இல்லை. படம் மௌனமாகத்தான் வெளிவந்தது. 1932-இல் லூ லிக்ட்ஃபெல்ட் அதற்கு இசை அமைத்தார். சூரினாமின் பாராமாரிபோவில் பிறந்த அவரை ஆல்பர்ட் ஹெல்மன் என்ற புனைபெயரில் எழுதிய எழுத்தாளராகத்தான் டச்சு வாசகர்கள் அதிகம் அறிவார்கள். அதன்பின் 1941-இல், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றிருந்த ஹான்ஸ் ஐஸ்லர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நியூயார்க்கில் நடத்திய திரையிசை ஆய்வின் பகுதியாக, ‘மழையை விவரிக்கப் பதினான்கு வழிகள்’ என்ற படைப்பை இதே படத்துக்காக எழுதினார். ஆகவே நீங்கள் செய்யப்போவதும் ஏற்கெனவே இருக்கும் மாற்றுகளின் வரிசையில் இன்னொன்றுதான். யாருடைய இசையையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறோம் என்ற கூச்சம் வேண்டாம்.

அமிர்தவர்ஷிணி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் ‘ஆனந்தாமிர்தாகர்ஷிணி’ பாட மழை கொட்டியது என்ற செவிவழிக் கதையை அறிந்த எவரும், முதல் பிடியிலேயே ‘ஓ, மழை ராகம்’ என்று தலையாட்டிவிட்டுக் கவனத்தைத் தளர்த்திவிடுவார்கள். அந்தக் கதையை அறியாதவருக்கோ அது ஐந்து சுரங்கள் கொண்ட, பிரதி மத்தியமத்தோடு பளிச்சென்று ஒலிக்கும் ஒரு ராகம், அவ்வளவே. இரண்டு தரப்பாருக்கும் படத்தில் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. திரையில் மழை பெய்வது கண்ணுக்குத் தெரிகிறது. இசையும் அதையே சொல்லவேண்டிய தேவை என்ன? மாற்று இசை அமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ராகத்தை அல்ல, இந்தப் படம் எதைப் பற்றியது என்ற தம்முடைய வாசிப்பை. மழையைப் பற்றியதா, மழையில் நனையும் நகரத்தைப் பற்றியதா, அல்லது மழை வந்ததும் தெருவில் நடப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குடைக்குள் ஒதுங்கிவிடுவதைப் பற்றியதா? மூன்றுக்கும் இசை வேறு வேறு.

ஐஸ்லரின் விடை நம்மைத் திகைக்க வைப்பது. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்று ஐந்தே கருவிகள். தம் ஆசிரியர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1912-இல் ‘பியரோ லூனேர்’ படைப்பில் கையாண்ட அதே கூட்டணியை எடுத்துக்கொண்டு பன்னிரு சுர முறையில், அதாவது எந்தச் சுரத்தையும் ஆதாரமாக்காமல் பன்னிரண்டையும் ஒரு வரிசையில் வைத்து எழுதினார். பிறகு அந்தப் படைப்பை ஷோன்பெர்க்கின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் காணிக்கையாக்கினார். பிற்காலத்தில் ஓர் உரையாடலில், இது கண்ணியமாகத் துயருறுவதற்கான பதினான்கு வழிகள் என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். அடைக்கலம் தேடிப்போன ஒருவரின் மழை அது. காட்சி மாறவில்லை, படத்தின் பொருள் மாறிவிட்டது. மாற்று இசை என்று நான் சொல்வது இதைத்தான்.

எனவே, கேட்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, படம் மனப்பாடமாகும்வரை பாருங்கள். முதல் வரைவு முடிந்தபின் இரண்டையும் கேளுங்கள். முன்பே கேட்டால், ஒவ்வொரு ஷாட்டிலும் அவர்கள் போட்ட இசைதான் காதில் ஓடும். படத்தொகுப்பு மேசையில் தற்காலிகமாக வைத்த பாட்டுக்கு இயக்குநர் பழகிப்போய், பிறகு இசையமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் ‘அது போல இல்லையே’ என்று சொல்வார் அல்லவா, அந்த நிலைமைதான்.

சுருதிப்பெட்டி எழுதியது:

தெற்குவீதி அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அமிர்தவர்ஷிணியைக் கதைக்காகத் தேர்ந்தெடுப்பது தவறு, சரி. ஆனால் ஒரே ராகத்தில் 12 நிமிடங்கள் என்ற யோசனையை அதனோடு சேர்த்துத் தூக்கியெறிய வேண்டாம். நம் இசையில் சுருதி இடைவிடாமல் ஒலிப்பது காட்சிகளுக்கு அடியில் ஒரு தரைபோல அமையும். வெட்டு வெட்டாக நகரும் படத்துக்கு அது பெரிய பலம். கேள்வி என்னவென்றால், அந்தத் தரை எப்போது நகர வேண்டும் என்பது.

மேசைவிளக்கு அவர்களே, கிரகபேதத்தை, அதாவது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்ஜமாக்கி வேறு ராகம் பெறுவதை, முயன்று பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் நகரம் காய்ந்து கிடக்கிறது. காற்று வீசத் தொடங்குகிறது. மழை இன்னும் வரவில்லை. அந்தப் பகுதிக்கு 1 கட்டை சுருதியில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) மோகனம். மழை விழத் தொடங்கும் இடத்தில் வாசிக்கும் ஐந்து சுரஸ்தானங்களையும் மாற்றாமல், சுருதியை மட்டும் மோகனத்தின் காந்தாரத்துக்கு, அதாவது 3 கட்டைக்கு நகர்த்துங்கள். கேட்பவர் காதுக்கு அது ஹிந்தோளம் ஆகிவிடும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லையாதலால் தம்புராவைப் பஞ்சமத்துக்குப் பதில் மத்தியமம் ஒலிக்கும் மத்தியம சுருதிக்கு வைத்தாக வேண்டும். இதை மறந்தால் எல்லாம் கெட்டுவிடும். தெருவும் கால்வாயும் கூரையும் அப்படியேதான் இருக்கின்றன, நனைந்ததும் வேறாகத் தெரிகின்றன. படம் செய்வதும் அதைத்தான். ராகத்தின் பெயரே தெரியாதவருக்கும் இந்த நகர்வு உறைக்கும்.

வயலின் வாசிப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. தந்திகளை 1 கட்டையின் ச-ப-ச-ப என்றே வைத்துக்கொண்டு ஹிந்தோளத்துக்குப் போனால், திறந்த தந்திகள் புதிய சுருதிக்குத் தைவதமாகவும் காந்தாரமாகவும் அமைந்துவிடும். இரண்டும் ராகத்துக்கு உட்பட்ட சுரங்களே. சட்ஜத்துக்குத் திறந்த தந்தி கிடைக்காது. விரல் வைத்துத்தான் நிற்கவேண்டும். அந்த உறுதியின்மை கச்சேரியில் குறையாகத் தோன்றலாம், இங்கே நல்லதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சுரஸ்தானம் பொருந்துகிறது என்பதற்காக மோகனத்தின் பிடிகளை அப்படியே ஹிந்தோளத்தில் வாசித்தால் அது ஹிந்தோளம் ஆகாது. கமகம் வேறு, நிற்கும் சுரம் வேறு. கணக்கில் சரியாக இருப்பதெல்லாம் ராகமாகிவிடுவதில்லை.

வெட்டுமேசை எழுதியது:

நான் படத்தொகுப்பாளன், ராகத்தில் தலையிட மாட்டேன். ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் முதலில் செய்யவேண்டிய ஒரு காரியத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை. எந்தப் பிரதிக்கு இசை அமைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்து பூட்டிவிடுங்கள்.

மௌனப்படக் காலத்தில் ஓட்டும் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை. வினாடிக்கு 16 ஃபிரேம் முதல் 24 ஃபிரேம் வரை எதுவும் நடக்கும். ஒலிப்படம் வந்தபின்தான் 24 நிலைத்தது. அதனால் இதே படம் இணையத்தில் வெவ்வேறு நீளங்களில் கிடைக்கலாம். ஒரு பிரதிக்கு அமைத்த இசையை இன்னொன்றின்மேல் வைத்தால் குடை விரிந்த பிறகு மழை வரும்.

அடுத்தது, இசை மென்பொருளில் படத்தை ஏற்றும்போது புராஜெக்டின் ஃபிரேம் வேகமும் கோப்பின் ஃபிரேம் வேகமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 24-க்கும் 23.976-க்கும் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 12 நிமிடங்கள் என்பது 720 வினாடிகள்; ஆயிரத்தில் ஒன்று என்றால் முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 17 ஃபிரேம். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும், முடிவில் வெயில் வரும் இடத்தில் கண்கூடாக விலகி நிற்கும். 24-இல் அமைத்ததைத் தொலைக்காட்சிக்காக 25-க்கு வேகப்படுத்தினால் நேரம் சுருங்குவதோடு சுருதியும் முக்கால் சுரஸ்தானம் அளவுக்கு மேலேறிவிடும். தம்புராவோடு வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டிய பிரதியின்மேல் ஓடும் நேரக் குறியீட்டைப் பதித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பட்டியல் எழுதுங்கள்: ஷாட் எங்கே மாறுகிறது என்பதை அல்ல, எங்கே உங்கள் கவனம் மாறுகிறது என்பதை. இந்தப் படத்தில் ஷாட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் இசை மாற்றினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். காற்று எழுவது, மழை வருகிறதா என்று ஒரு கை நீண்டு பார்ப்பது, குடைகள் நிறைந்த தெருவை மேலிருந்து காண்பது, டிராம் வண்டியின் நனைந்த ஜன்னல், மழை ஓய்வது. எனக்கு இந்த ஐந்து இடங்கள் போதும்.

மேசைவிளக்கு எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அமிர்தவர்ஷிணியைக் கைவிட்டேன். மோகனத்திலிருந்து ஹிந்தோளத்துக்கு நகர்வதை வெறும் வயலினில் வாசித்துப் பார்த்தேன். சுருதி நகரும் அந்த நொடி உண்மையிலேயே படத்தின் நிறத்தை மாற்றுகிறது. சுருதிப்பெட்டி அவர்களுக்குத் தனியாக நன்றி.

இப்போது குழப்பம் தாளத்தில். ஆதி தாளத்தில் மிருதங்கத்தை ஓடவிட்டால், குறிப்பிட்ட காட்சி சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) வந்து விழுவதில்லை. படத்துக்காக வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் நண்பருக்குப் பிடிக்கவில்லை. இதை எப்படிக் கையாளுவது?

லயப்பிரியன் எழுதியது:

வேகத்தைத் தொடாதீர்கள், எடுப்பை, அதாவது தாளத்தில் இசை தொடங்கும் இடத்தை, நகர்த்துங்கள். மிருதங்கக்காரருக்கு இதைவிடப் பழகிய கணக்கு வேறில்லை.

வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்தால், ஒரு தட்டுக்குச் சரியாக 16 ஃபிரேம். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களுக்கு 128 ஃபிரேம், அதாவது ஐந்தே கால் வினாடிக்குச் சற்று மேல். 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 ஃபிரேம், 72 தட்டு என்றால் 20. இப்படி முழு எண்ணாக வரும் வேகங்களையே எடுத்துக்கொண்டால் பிறகு கணக்குப் போடும்போது தலைவலி இராது.

உதாரணத்துக்கு, 90-இல் தொடங்கிய தாளம் 80-ஆவது வினாடியில் 15 ஆவர்த்தனங்களை (தாளச் சுற்றுகளை) முடித்துச் சமத்துக்கு வந்து நிற்கும். நீங்கள் குறிவைக்கும் காட்சி 83-ஆவது வினாடியில் வருகிறது என்று கொள்வோம். மிச்சம் 3 வினாடி, அதாவது நாலரை அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரையாக 18 மாத்திரை. நாலு மாத்திரைச் சொல், மூன்று மாத்திரைக் கார்வை, மீண்டும் நாலு, மூன்று, நாலு. கூட்டினால் 18. அந்த மோரா (ஒரே சொல் மூன்று முறை வரும் முடிப்பு) முடிந்து அடுத்து விழும் அடி 83-ஆவது வினாடியில் இருக்கும். தாளம் கலையவில்லை, வேகம் மாறவில்லை, காட்சியும் கிடைத்துவிட்டது. கார்வையில் முழு மிருதங்கமும் மௌனமாக இருக்கும். அந்த இடைவெளிகளில் மழைத்துளி தெரிய நிறைய இடமிருக்கும்.

தனி ஒரு கருத்து: வலந்தலையின் சாப்பு மழைத்துளிக்குப் பொருந்தும் என்று எல்லோரும் சொல்வார்கள். கஞ்சிராவைத் தண்ணீர் தெளித்துச் சுருதி இறக்கி, அதன் தாழ்ந்த கும்கியை (தோலை அழுத்தி வளைக்கும் அடியொலியை) காற்று எழும் பகுதிக்கு வைத்துப் பாருங்கள். நான் அதைத்தான் தேர்வேன்.

தெற்குவீதி எழுதியது:

லயப்பிரியனின் கணக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதை எத்தனை இடங்களில் பயன்படுத்துவது என்பதில் கை அடக்கம் வேண்டும். நீட்டிய கைக்கு ஒரு மோரா, விரியும் குடைக்கு ஒரு தீர்மானம், கோட்டுக் காலரைத் தூக்கிவிடுபவருக்கு ஒரு ‘தளாங்கு தோம்’ என்று வைத்தால், ஆம்ஸ்டர்டாம் தெருவில் போகிறவர்களெல்லாம் நட்டுவாங்கத்துக்கு ஆடுவதுபோலத் தெரியும். பரதநாட்டிய மேடையில் அடியும் அடவும் சேர்ந்து விழுவதுதான் சுகம். இவென்ஸின் காமிராவுக்கு முன் நடப்பவர்களோ தாளம் கேட்டு நடக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் படமாக்கப்படுவதே தெரியாது. 12 நிமிடத்தில் ஓரிடம், மிஞ்சினால் இரண்டு இடம். அதற்கு மேல் போனால் இசை படத்தைக் கேலி செய்யத் தொடங்கிவிடும்.

படத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் போவதற்கு இன்னொரு வழி 1924-லேயே காட்டப்பட்டிருக்கிறது. ரெனே கிளேர் எடுத்த ‘என்ட்ராக்ட்’ குறும்படம் பாரிஸில் ஒரு பாலே நிகழ்ச்சியின் இடைவேளையில் திரையிடப்பட்டபோது, எரிக் சாத்தி அதற்கு ஷாட் ஷாட்டாக இசை எழுதினார். அவர் செய்தது எளிய வேலை: சின்னச் சின்ன இசைத்துண்டுகள், ஒவ்வொன்றும் வேண்டும்வரை திரும்பத் திரும்ப வரும், காட்சி மாறினால் அடுத்த துண்டு. படம் ஓடும் வேகம் அன்றைக்கு எப்படி இருந்தாலும், நடத்துநர் ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்துவிடலாம். நம் ஊர்ச் சங்கதிகளுக்கு, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களுக்கு, இந்த முறை தடையின்றிப் பொருந்தும். ஒரு வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் சங்கதி மாற்றிப் பாடலாம். எந்தச் சங்கதியோடும் அடுத்த வரிக்குப் போகலாம். டிராம் ஜன்னல் பகுதிக்கு இப்படி ஒரே வரியை வைத்துச் சுற்றுங்கள்.

ஆலாபனையை மறந்துவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். தாளக் கட்டில்லாமல் காட்சியின் மூச்சோடு போகக்கூடிய வடிவம் நம் கையில் தயாராக இருக்கிறது. கிருதியைப் போலத் தனக்கென்று பல்லவி, அனுபல்லவி என்ற கட்டிடத்தைச் சுமந்துகொண்டு வந்து படத்தோடு மல்லுக்கு நிற்காது.

ஈரத்தெரு எழுதியது:

புதியவள், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை சிரமத்துக்குப் பதில் உண்மையான மழைச் சத்தத்தைப் பதிவு செய்து அடியில் ஓடவிட்டு, மேலே கொஞ்சம் வயலின் வைத்தால் போதாதா? பார்ப்பவர்களுக்கு மழைக்குள் இருப்பதுபோலத் தோன்றுமே.

வெட்டுமேசை எழுதியது:

வாருங்கள், இதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது. தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது வேறொரு படமாகிவிடும். இவென்ஸ் பல மாதங்கள் காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மழை வந்தபோதெல்லாம் எடுத்துச் சேர்த்த துண்டுகள் இவை. படத்தில் நாம் பார்க்கும் ஒரே மழை, பல நாட்களில் பெய்த பல மழைகளின் தொகுப்பு. இயல்பான மழைச் சத்தம் ஒரே சீராக ஓடினால், அந்தத் தொகுப்பின் தாளம் அமுங்கிப்போகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சத்தத்தை மாற்றினாலோ செய்திப்படம்போல ஆகிவிடும். மேலும் மழைச் சத்தம் ஒலியின் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடப்பது. அதன்மேல் வயலினின் நுண்ணிய கமகங்கள் எடுபடாது. கேட்க வேண்டுமென்று வயலினை உயர்த்துவீர்கள், பிறகு மழை பின்னால் போய்விடும்.

வேண்டுமானால் ஓரிடத்தில் மட்டும், மழை ஓய்ந்தபின் ஒலிக்கும் சொட்டுச் சத்தத்தை வைத்துப் பாருங்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

இதை முடித்தபின் இணையத்தில் ஏற்றலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. நூறாண்டுக்கு நெருங்கிய படம் என்பதால் சிக்கல் இராது என்று நினைக்கிறேன்.

தெற்குவீதி எழுதியது:

வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1929-இல் வெளியான படைப்புகள் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ இயக்குநர் போன்ற முதன்மைப் படைப்பாளிகளில் கடைசியாக இறந்தவரின் மறைவிலிருந்து 70 ஆண்டுகள் எண்ண வேண்டும். இவென்ஸ் 1989-இல் மறைந்தார். ஆகவே படம் தயாரான நெதர்லாந்திலேயே 2059 முடியும்வரை உரிமை நிலைக்கும். நம் நாட்டுச் சட்டம் திரைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் என்கிறது. ஆனால் இணையத்தில் ஏற்றினால் அது எல்லா நாட்டுக்கும் ஏற்றியதாகிவிடும். இவென்ஸின் படங்களைப் பராமரிக்கும் அமைப்புக்கு எழுதி அனுமதி கேளுங்கள். அதுவரை இசையை மட்டும் தனியாக, எந்தப் பிரதியின் எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்ற குறிப்போடு வெளியிடலாம். இசை உங்களுடையது, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மேசைவிளக்கு எழுதியது:

நல்ல யோசனை, அப்படியே செய்கிறேன். இதுவரை முடிவானது இதுதான்: தொடக்கத்தில் மோகனத்தில் தாளமில்லாத வயலின், காற்று எழும்போது கஞ்சிரா, கை நீளும் இடத்தில் ஒரே ஒரு மோரா, அதன் முடிவில் சுருதி நகர்ந்து ஹிந்தோளம், டிராம் ஜன்னலுக்குச் சங்கதிச் சுற்று. வெயில் வரும்போது மீண்டும் மோகனத்துக்குத் திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சரி. மோகனத்துக்குத் திரும்பினால், மழையே வராததுபோல ஆகிவிடும். தெரு இன்னும் ஈரமாகத்தானே இருக்கிறது? அதே ஐந்து சுரங்களில் மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி கிடைக்கும். 2 கட்டைக்கு நகர்த்துங்கள். மத்தியமாவதியில் பஞ்சமம் உண்டு. தம்புராவைப் பஞ்சம சுருதிக்கே மீட்டுவிடலாம்.

தெற்குவீதி எழுதியது:

மத்தியமாவதி என்றாலே கச்சேரி முடிந்து மங்களம் பாடும் நினைவு வருமே. அமிர்தவர்ஷிணிக்குச் சொன்ன அதே ஆட்சேபம் இதற்கும் உண்டு.

சுருதிப்பெட்டி எழுதியது:

அது வரட்டும். முடியும் இடத்தில் முடிகிறது என்று சொல்வதில் தவறில்லை. வயலின் மத்தியமாவதிக்குள் முழுதாக நுழைய வேண்டாம். சுருதி மட்டும் நகரட்டும், ஆலாபனை இரண்டு மூன்று பிடிகளோடு நிற்கட்டும். மேசைவிளக்கு அவர்கள் இரண்டு முடிவுகளையும் பதிவு செய்து இங்கே போட்டால், படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாதிடலாம்.